மணிக்கட்டுக்குத் தன் இடம் தெரியும்

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. பேத்தியின் சுண்டுவிரல் கதவிடுக்கில் மாட்டி, நுனிச் சதை கொஞ்சம் போய்விட்டது. தையல் போடச் சொல்லி நான் பதறினேன். டாக்டர், "நகத்தின் அடிப்பகுதி தப்பித்திருக்கிறது. சின்னக் குழந்தைதானே, தானே வளரும்" என்று சுத்தம் செய்து மூடிக் கட்டி அனுப்பிவிட்டார். அவர் சொன்னபடியே சதை உருண்டு வந்து, இப்போது நகமும் எட்டிப்பார்க்கிறது.

அன்றிலிருந்து எனக்கு சாலமாண்டர் நினைப்புதான், பல்லி உருவில் இருக்கும் அந்த நீர்நிலவாழ் உயிர். கல்லூரியில் நாம் ஒரே வரியில் தாண்டிப்போனோமே, "இழந்த காலைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும்" என்று. அந்த வரிக்குப் பின்னால் இருப்பதை இப்போது தேடித்தேடிப் படிக்கிறேன்.

பல்லி வால் மாதிரி என்று நினைத்துவிடாதே. பல்லிக்குப் புதிதாக வரும் வாலுக்குள் முள்ளெலும்பு கிடையாது, வெறும் குருத்தெலும்புக் குழாய்தான். சாலமாண்டருக்கோ எலும்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய், விரல்கள் எல்லாமே வந்துவிடும். இத்தாலிய விஞ்ஞானி ஸ்பலன்சானி 1768-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார்.

வெட்டுப்பட்ட ஒரு நாளுக்குள் சுற்றியுள்ள தோல் செல்கள் நகர்ந்துவந்து காயத்தை மூடிவிடுகின்றன. நமக்கென்றால் அங்கே தழும்பு விழும். சாலமாண்டருக்கோ அந்தத் தோலுக்கடியில் செல்கள் கூடி ஒரு மொட்டு உண்டாகிறது, பிளாஸ்டிமா என்கிறார்கள். மொட்டுக்குள் நரம்பு வந்தாக வேண்டும். நரம்பை வெட்டிவிட்டால் கால் வளராது என்று டாட் என்பவர் 1823-ல் கண்டார். காயத்தைச் சுத்தம் செய்யும் மேக்ரோபேஜ் செல்களும் வேண்டும். 2013-ல் ஓர் ஆய்வில் அவற்றை நீக்கிப் பார்த்தார்கள். கால் வளரவில்லை, நமக்கு வருவது போலத் தழும்புத் திசுதான் வந்தது. அந்தச் செல்கள் திரும்பிய பிறகு மறுபடி வெட்டினால் ஒழுங்காக வளர்ந்தது!

மொட்டில் இருக்கும் செல் எதுவாகவும் மாறும் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். எல்லி தனாகா என்ற விஞ்ஞானியின் குழு ஒளிரும் புரதம் கொண்ட திசுக்களை ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டர் வகையில் ஒட்டவைத்துப் பின்தொடர்ந்து, 2009-ல் அந்த நம்பிக்கையை உடைத்தது. தசையிலிருந்து வந்தது தசையாகவே நின்றது. தோலின் உள்ளடுக்கு மட்டும் குருத்தெலும்பாகவும் மாறியது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அதன் முன்னங்காலை, அதாவது கையை, மணிக்கட்டில் வெட்டினால் உள்ளங்கையும் விரல்களும் மட்டும் வரும். தோளருகே வெட்டினால் முழுக் கையும் வரும். தான் எங்கே இருக்கிறோம், தனக்கு அப்பால் எது குறைகிறது என்று மிச்சமிருக்கும் செல்லுக்குத் தெரிகிறது, விஜயா! அந்த அறிவைக் குழப்பவும் முடியும். மால்கம் மேடன் என்ற ஆய்வாளர் 1982-ல் மணிக்கட்டில் வெட்டிய ஆக்சலாட்டல்களுக்கு வைட்டமின் ஏ கொடுத்தார். அளவு கூடியபோது அந்த மணிக்கட்டிலிருந்தே மேற்கை, முழங்கை, முன்கை என்று முழுக் கையொன்று முளைத்தது. மணிக்கட்டுச் செல்கள் தம்மைத் தோள் என்று நினைத்துக்கொண்டன.

2025-ல் தனாகாவின் குழுவே இன்னொன்றும் கண்டுபிடித்தது. சுண்டுவிரல் பக்கத்துச் செல்களில் ஹேண்ட்2 என்ற மரபணு வாழ்நாள் முழுதும் லேசாக விழித்தே இருக்கிறதாம். வெட்டுப்பட்டதும் அது வேகமெடுத்து, விரல்களை வகுக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற இன்னொரு மரபணுவை எழுப்புகிறது. வளர்ந்து முடிந்ததும் ஹெட்ஜ்ஹாக் ஓய்ந்துவிடும், ஹேண்ட்2 பழையபடி காவலிருக்கும். சுண்டுவிரல் என்று வாசித்ததும் என் கை தானாகப் பேத்தியின் கையைத் தேடிப்போனது.

ஒன்றுதான் மனதை வருத்துகிறது. ஆய்வகத் தொட்டிகளில் பெருகிக்கிடக்கும் இந்த ஆக்சலாட்டலுக்கு இயற்கையில் வீடு மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்கள் மட்டுமே. 1998-ல் அங்கே சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 இருந்தன. 2014-ல் எண்ணியபோது 36. தண்ணீர் கெட்டதும், வளர்ப்புக்கென்று கொண்டுவந்து விட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் காரணம். கையை வளர்த்துக்கொள்ளும் உயிருக்குக்கூட நல்ல தண்ணீர் வேண்டியிருக்கிறது.

சரி, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று ஒரு சொல்லில் முடிக்காமல் விவரமாக எழுது. நகம் முழுதாக வந்ததும் விரலின் படம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மல்லிகா