எதிர்வீட்டுப் பையனும் அவன் நாலு தெருவும்

சிகாகோ
ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தீபாவளிக்கும் எழுதவில்லை, பொங்கலும் போய்விட்டது. கோபப்படாதே, ராத்திரி வேலை.

நான் ரவுடிகள் தெருவில் குடியிருப்பதாகப் பெரிய மாமா சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தாய். உள்ளதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு எதை வாசித்துக்காட்டுவது என்று நீயே பார்த்துக்கொள்.

எதிர்வீட்டுப் பையன் ஒரு கும்பலில் இருப்பவன்தான். இருபது வயது இருக்கும். பாட்டி வீட்டில் இருக்கிறான். காலையில் தங்கையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறான், அதுவும் ரெண்டு தெரு சுற்றிப்போய். நேர்வழியில் வேறு கும்பல் பையன்கள் நிற்பார்கள். நான் நடக்கப் போகிற ஏரிக்கரையை அவன் பார்த்து வருஷக்கணக்கில் ஆகிறதாம். இவ்வளவு பெரிய ஊரில் அவனுக்கு நாலு தெருதான்.

மாமா நினைப்பதுபோல் பணமும் புரளவில்லை. சென்னையில் பிறந்த சுதிர் வெங்கடேஷ் என்ற ஆய்வாளர், இதே ஊரின் ராபர்ட் டெய்லர் என்ற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கும்பலோடு பல வருஷம் பழகியவர். கும்பலின் கணக்குநோட்டே அவர் கைக்கு வந்தது. ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார ஆய்வாளரோடு சேர்ந்து 2000-இல் அதை அலசி எழுதினார். தெருவில் நின்று போதைமருந்து விற்ற பையன்களுக்கு மணிக்கு 3.30 டாலர் அளவில்தான் தேறியிருக்கிறது, அப்போது சட்டப்படி கொடுக்கவேண்டிய கூலியைவிடக் குறைவு. அந்தக் கட்டடங்களை 2007-க்குள் இடித்துவிட்டார்கள். பெரிய கும்பல்களும் சிதறிப்போய், இப்போது ஒரு தெருப் பையன்கள் சேர்ந்தால் ஒரு கும்பல். போனில் போடுகிற வீடியோவில் தொடங்குகிற சண்டை சிலசமயம் துப்பாக்கியில் முடிகிறது. அக்டோபரில் எதிர்வீட்டுப் பையனின் சினேகிதன் ஒருவன் அப்படித்தான் செத்துப்போனான். தெருமுனையில் பலூன் கட்டி மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். இவன் வாசற்படியில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது?

போன வாரம் முட்டளவு பனி. விடிவதற்குள் எங்கள் படிகளையும் சேர்த்து வாரித் தள்ளியிருந்தான். அப்புறம் மூலைவீட்டு அம்மாவின் கார் நிற்கிற இடத்தைச் சுத்தம் செய்து, வேறு யாரும் நிறுத்தாதபடி ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவைத்தான். இங்கே அதுதான் வழக்கம்.

"உங்க வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டான். விரல்விட்டு எண்ணி ஏழு என்றேன். உள்ளே வந்த பிறகுதான் அப்பாவையும் சேர்த்து எண்ணியது தெரிந்தது. அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை அக்கா.

சரி, திதிக்கு என்னால் வர முடியாது, தம்பியே செய்யட்டும். வடக்கு வயல் பட்டாவுக்குச் சித்தப்பா கையெழுத்துக் கேட்டால், வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் போடவேண்டாம். மூலப்பத்திரம் அப்பாவின் பச்சைப் பெட்டியில் இருக்கிறது, யாரிடமும் கொடுக்காதே. இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், பாங்கில் ஏதோ தாமதம். அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தம்பி