வாளியோடு வருபவரிடம் ஏன் இத்தனை கேள்வி? உயிர் இரை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தூண்டிலில் கொழுவும் உயிர் இரை (சிறு மீன், நீர் அட்டை) வாங்க எங்கள் கடைக்கு வருபவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம்: வீடு எந்தப் பக்கம், எந்த ஏரிக்குப் போகிறீர்கள். மீன்குஞ்சு விற்க இதெல்லாம் எதற்கு என்று சிலர் மனம் சலிப்பது தெரிகிறது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் மின்னோ என்ற சிறு இரைமீனில் இரண்டு டசினை அள்ளித் தந்தால், நானூறாம் நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது உங்களை அறியாமலே சட்டத்தை மீற வைத்தவர்கள் நாங்களாவோம். அதனால் விபரமாக எழுதுகிறோம்.

2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோ மாகாணம் நான்கு இரை முகாமைத்துவ வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: வடமேற்கு, வடகிழக்கு, மத்தி, தெற்கு. உங்கள் வீடு இருக்கும் வலயமே உங்கள் சொந்த வலயம். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு அது தெற்கு. இரைமீனையும் அட்டையையும் ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் இதே விதிதான். பெட்டியில் ஐஸ் போட்ட எமரல்ட் ஷைனர் என்ற இரைமீனோடு, தெற்கு வலயத்துக்கு வெளியே உள்ள நிப்பிசிங் ஏரிக்குப் போவதும் இதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்படிப் போகிறவர்கள் இரையை அங்கேயே, உரிமம் பெற்ற கடையில் வாங்க வேண்டும். பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பாவித்தோ அழித்தோ முடிக்க வேண்டும். எங்கள் சீட்டில் திகதி, வகை, எண்ணிக்கை, வலயம் எல்லாம் இருக்கும். உங்கள் சொந்த வலயத்துக்குள் போனாலும் அதை எறிந்துவிடாதீர்கள். தெருவோரம் நிறுத்திக் கேட்கும் அதிகாரிக்கு அந்தக் கடதாசித் துண்டைப்போல விரைவாகப் பதில் சொல்வது வேறொன்றுமில்லை.

எண்ணிக்கை: ஒருவரிடம் ஆகக் கூடியது 120 இரைமீன், 120 அட்டை. வாங்கியதும் நீங்களே பிடித்ததும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. நண்டுபோல இருக்கும் கிறேஃபிஷ் 36. அது பிடித்த நீர்நிலையிலேயே பாவிக்கப்பட வேண்டும். தரைவழியே கொண்டுபோகவே கூடாது. பஃபலோப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று உயிர்மீனையோ அட்டையையோ எல்லை தாண்டிக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரைக்காக அவற்றை ஒன்ராறியோவுக்குள் கொண்டுவருவது தடை.

இனி, தாங்களே பிடிக்க விரும்புபவர்களுக்கு. ஊரில் வாய்க்காலில் கெண்டைக்குஞ்சு பிடித்து, அதைத் தூண்டிலில் கொழுவி விரால் பிடித்துப் பழகிய கைகளுக்கு இது சின்ன வேலை. பிடிக்கும் வித்தை அதேதான். ஆனால் இங்கே கருவிக்கு அளவு இருக்கிறது. மீன்பிடி அனுமதி உள்ளவர், தன் சொந்த வலயத்துக்குள், ஒரு இரைமீன் கூடு வைக்கலாம். கூடு 51 சென்ரிமீற்றர் நீளத்துக்கும் 31 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் மேற்படக் கூடாது. பாவிப்பவரின் பெயரும் விலாசமும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இரவும் பகலும் வைக்கலாம். அத்தாங்கு என்றால் ஒன்று மட்டும். சதுரமானால் பக்கம் 183 சென்ரிமீற்றர், வட்டமானால் குறுக்களவு அவ்வளவு. சூரிய உதயத்துக்குப் பின், அஸ்தமனத்துக்கு முன் மட்டும். அட்டைக் கூடு எந்தப் பக்கமும் 45 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. இணையத்தில் விற்கும், குடைபோல விரியும் துணிவலைக் கூடுகளில் பல இந்த அளவைத் தாண்டியவை. வாங்கியிருந்தால் விரித்து, நாடா வைத்து அளந்து பாருங்கள். இரண்டு அரைக்கூடுகளாகப் பிரியும் கம்பிவலைக் கூடு ஏறத்தாழ 42 சென்ரிமீற்றர் நீளம், 23 சென்ரிமீற்றர் குறுக்களவு. அளவுக்குள் அடங்கும், பல வருடம் உழைக்கும். கோடையில் லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ வரும் உறவினர்களுக்கு இங்கே சொந்த வலயம் என்று ஒன்றில்லை. அவர்கள் வாங்கித்தான் பாவிக்க வேண்டும். நீங்கள் பிடித்ததை விற்கவும் கூடாது. அதற்குத் தனி வணிக உரிமம் வேண்டும்.

கூட்டுக்குள் ஒரு கைப்பிடி காய்ந்த பாண்துண்டு போதும். ஓட்டையிட்ட சிறு டப்பாவுக்குள் போட்டால் வாசம் மெல்லக் கசியும். மீன் ஒரே கடியில் முடித்துவிட்டு வெளியேறாது. மெதுவாக ஓடும் நீரில், நீர்ச்செடியின் ஓரத்தில், நீரோட்டத்தின் வாக்கில் கிடத்துங்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே வைத்தால் கூடு உருளும், உள்ளே போன மீனும் வெளியே வரும். கயிற்றைக் கரையில் கட்ட மறக்காதீர்கள்.

இரண்டு விடயங்கள் அடிக்கடி பிழைக்கின்றன. ஒன்று ஆமை. ஆமைக்கு மூச்சுக்குக் காற்று வேண்டும். முழுதாக மூழ்கிய கூட்டுக்குள் போன சிறு ஆமை சில மணி நேரத்தில் இறந்துவிடும். கூட்டின் மேற்பகுதி நீருக்கு வெளியே தெரியும்படி ஆழம் குறைந்த இடத்தில் வையுங்கள், அல்லது மூடிய வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை உள்ளே போட்டுக் கூட்டை மிதக்க விடுங்கள். மற்றது, சூடான ஜூலை இரவில் செடி அடர்ந்த குட்டையில் விடியும்வரை கூட்டை விடுவது. பகலில் ஒட்சிசனைத் தரும் செடிகள் இரவில் அதையே உறிஞ்சுகின்றன; விடியலுக்குச் சற்று முன்தான் நீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. காலையில் கூடு நிறையச் செத்த மீன் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து எடுப்பதே நாங்கள் சொல்லும் முறை.

பிடித்ததை அங்கேயே, தண்ணீர் ஓரத்திலேயே தரம் பிரியுங்கள். இரையாக அனுமதிக்கப்பட்ட வகைகளின் பட்டியலில் இல்லாததை (கீழே சொல்லும் றவுண்ட் கோபி தவிர) அந்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள். வாளிக்குள் போய் வண்டியில் ஏறிய பிறகு திருப்பி விடுவதற்கு வழியில்லை. ஃபற்ஹெட் மின்னோ, எமரல்ட் ஷைனர், கோல்டன் ஷைனர், கிறீக் சப், வைற் சக்கர் ஆகியவை அனுமதிக்கப்பட்ட, அடிக்கடி அகப்படும் வகைகள். பிள்ளைகள் பிடித்த குட்டிப் பேர்ச்சையோ சூரியமீனையோ உயிர் இரையாகக் கொழுவக் கூடாது.

ஸ்காபரோ, மார்க்கம், பிக்கறிங் பக்கத்து ஓடைகளில் கூடு வைப்பவர்கள் தயவுசெய்து அடுத்த சில வரிகளை இரண்டு முறை வாசியுங்கள். றூஜ் ஆற்றுக்குள் விழும் ஓடைகளில் றெட்சைட் டேஸ் என்ற சிறு மீன் வாழ்கிறது. 2009 இல் ஒன்ராறியோவும் 2017 இல் கனடா அரசும் அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டன. ஒரு விரல் நீளம். வாய் உடலுக்குப் பொருந்தாத அளவு பெரிது. கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். உடலின் முன்பாதியில் பக்கவாட்டில் சிவப்புக் கோடு. நீருக்கு மேலே பறக்கும் பூச்சியைத் துள்ளிப் பிடிக்கும் மீன் அது. இரையாக அனுமதிக்கப்பட்ட றெட்பெலி டேஸிலும் சிவப்பு உண்டு. ஆனால் அதற்கு வாய் மிகச் சிறியது, பக்கத்தில் இரண்டு கருங்கோடுகள் ஓடும், செதில்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மை. சந்தேகம் வந்தால் மீனை விடுங்கள். நகரம் சுற்றிவளைத்த பிறகும் எங்கள் வீட்டருகே உயிர்பிழைத்துக் கிடக்கும் மீன் இது. ஒரு டசின் இரைக்காக அதை இழக்க முடியாது.

வரக்கூடாத விருந்தாளி றவுண்ட் கோபி என்ற மீன். 1990 இல் சென். கிளெயர் ஆற்றில் முதன்முதலில் கண்டார்கள். பெருங்கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீரில் வந்தது. இப்போது பேரேரிகள் முழுவதும் இருக்கிறது. அடையாளத்துக்கு வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். அதைப்போலத் தெரியும் உள்ளூர் மீனான ஸ்கல்பினுக்கு வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் தனித்தனி. கோபிக்கு அவை ஒட்டி ஒரே கிண்ணம்போல இருக்கும். அகப்பட்டால் இரையாக வைக்காதீர்கள், தண்ணீரில் திரும்ப விடாதீர்கள், கொன்றுவிடுங்கள். கார்ப், தங்கமீன் குஞ்சுகளும் மின்னோ கூட்டத்தில் கலந்து வரும். அவற்றின் முதுகுத் துடுப்பு முதுகின் பாதி நீளத்துக்கு ஓடும், மின்னோவுக்கு அது குட்டையாக இருக்கும்.

கோபியையும் கார்ப்பையும் கண்ணால் பிரிக்கலாம். வாளித் தண்ணீரில் இருக்கும் முள் நீர்த்தெள் என்ற சிறு நீருயிரியின் முட்டையையோ வைரசையோ யாரும் பார்க்க முடியாது. 2005 இல் குவின்ரே வளைகுடாவில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தபோது, மீனுக்குள் இரத்தம் கசிய வைக்கும் வீஎச்எஸ் என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதரை அது தொடாது; மீனுக்குக் கொல்லி. நோய்பட்ட ஒரு மின்னோவின் வாளி நீர் அதைப் புதிய ஏரிக்குக் கொண்டுபோகப் போதும். அதனால்தான் உயிர் இரையை விடுவதும், வாளித் தண்ணீரை ஏரியிலோ அதன் கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ ஊற்றுவதும் குற்றம். அல்கொன்குவின் பூங்காவில் உயிர் இரைமீனை வைத்திருக்கவே அனுமதியில்லை. அங்கே போகிறீர்கள் என்றால் புழுவையும் செயற்கை இரையையும் எடுத்துத் தருவோம்.

வீடு திரும்பும்வரை மீன் உயிரோடிருக்க வேண்டுமே, அதைப் பார்ப்போம். குளிர்ந்த நீரில் ஒட்சிசன் அதிகம் கரையும்: 10 பாகை செல்சியஸில் லீற்றருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம், 25 பாகையில் 8 தான். சூடு ஏற ஏற மீனின் தேவை கூடும், நீரில் இருப்பது குறையும். காரின் பின்பெட்டியில் மூடிய வாளி கோடையில் அரை மணியில் மரணக்குழியாவது இப்படித்தான். நுரைப்பெட்டிபோல உட்புறமுள்ள வாளியில் 10 லீற்றர் தண்ணீர், மின்கலக் காற்றுக்குழாய், விரல் நீள மீன் மூன்று டசின். காற்று இல்லையென்றால் ஒரு டசினுக்கு மேல் வேண்டாம். நீரை 10 முதல் 15 பாகைக்குள் வைக்கவும். குளிர்விக்க, உறையவைத்த மூடிய போத்தலை மிதக்க விடுங்கள். ஐஸ் கட்டியை நேரே கொட்டாதீர்கள். காரணம், ஐஸும் குழாய் நீர்தான். ரொறன்ரோக் குழாய் நீரில் கிருமி நீக்கக் குளோரமைன் சேர்க்கிறார்கள். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் பறந்துவிடும் என்ற பழைய முறை குளோரினுக்கு உதவும், குளோரமைன் போகாது. மீன்தொட்டிக் கடையில் விற்கும் நீர்பதப்படுத்தும் திரவத்தை, போத்தலில் குளோரமைனுக்கு என்று எழுதியுள்ள அளவில், மீனை விடுவதற்கு முன்பே கலக்குங்கள். லீற்றருக்கு 3 கிராம் அயடின் சேராத உப்பும் மீனின் பதற்றத்தைத் தணிக்கும்.

எங்கள் தொட்டி நீர் குளிர். பையோடு வாளியில் 15 நிமிடம் மிதக்கவிட்டுப் பிறகு திறவுங்கள். மேற்பரப்பில் வெள்ளை நுரை நின்றால் கழிவு சேர்கிறது. மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள், பழையதை நீர்நிலைக்குத் தூரமான புல்தரையில் ஊற்றுங்கள். செத்ததை உடனே அகற்றுங்கள். அட்டைக்கு வேலை குறைவு: குளிர்பெட்டியில் வைத்து, நீர் பழுப்பானால் மாற்றினால் போதும்.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. படகைத் தரைவழி இழுக்குமுன் வடிகால் அடைப்புகளைக் கழற்றி, நீர்ச்செடிகளையும் அகற்றிவிட வேண்டும். இதுவும் 2022 முதல் சட்டம். ஆகவே இரையைப் படகின் மீன்தொட்டியில் விட்டு வராதீர்கள், தனி வாளியில் வையுங்கள்.

மிஞ்சிய இரையைக் கொன்று, பையில் கட்டி, உணவுக்கழிவுக்கான வீட்டுப் பச்சைத் தொட்டியில் போடுங்கள். கூட்டில் அகப்பட்ட மீன் எதுவென்று தெரியாவிட்டால், விடுமுன் பக்கவாட்டிலும் வயிற்றுப் பக்கமும் படம் எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்வோம். ஏரி எந்த வலயத்தில் என்பதையும், அங்கே உயிர் இரைக்குத் தனித்தடை இருக்கிறதா என்பதையும் நீங்கள் காசு கட்டுமுன் வரைபடத்தில் பார்த்துத் தருவோம்.

அன்புடன்,
கடையினர்