‘உப்பு – தேவையான அளவு’ என்று இனி அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆரோக்கியமாக வாழப் பதினைந்து பழக்கங்கள் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். காலையில் வெந்நீர், தியானம், சியா விதை, ஆப்பிள் சிடர் வினிகர், டைரி எழுதுவது என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது, படிக்கும்போதே மூச்சு வாங்கியது. அதையெல்லாம் செய்து முடிப்பதற்குள் மணி பதினொன்று ஆகிவிடும், அப்புறம் வேலைக்கு யார் போவது? சரி, அது போகட்டும். நான் எழுத வந்தது அடுத்த பக்கத்தில் இருந்த சமையல் குறிப்புகளைப் பற்றி. மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், பெருங்காயம் கால் டீஸ்பூன், கடுகுக்குக்கூட அரை டீஸ்பூன் என்று அளவு சொல்லிவிட்டு, உப்புக்கு வந்ததும் ‘தேவையான அளவு’ என்று முடித்துவிட்டீர்கள். எல்லாக் குறிப்பிலும் அப்படித்தான்.

யாருக்குத் தேவையான அளவு? நாக்குக்கா, உடம்புக்கா? உடம்புக்கு என்றால் அதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மட்டமாகத் தட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான், மூன்று வேளைக்கும் சேர்த்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-18இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் நாம் சராசரியாகச் சாப்பிடுவது 8 கிராம் என்று வந்தது.

இதைச் சரிபார்க்க மருத்துவரிடம் போக வேண்டியதில்லை, மளிகைச் சீட்டைப் பார்த்தாலே போதும். வீட்டில் நாலு பேர், ஆளுக்கு 5 கிராம், முப்பது நாள் என்றால் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஒரே மாதத்தில் தீர்கிறது என்றால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது. மீன் கழுவவும் காய் அலசவும் கொஞ்சம் போயிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடையில் வாங்கிய ஊறுகாயும் அப்பளமும் மிக்சரும் அந்தப் பாக்கெட் கணக்கிலேயே வராதே.

நாங்கள் திருச்சியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறோம், அதனால் உப்பு எங்கெங்கே நுழைகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வெறும் இட்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, பொடி தொட்டுக்கொண்டால் அதிலும் உப்பு. மதியத்தில் குழம்பு, ரசம், பொரியல் என்று தனித்தனியாகப் போட்டது போதாதென்று, தயிர்சாதத்துக்குத் தனியாக ஒரு சிட்டிகை, தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். சாதத்தையே உப்புப் போட்டு வடிக்கிற வீடுகளும் உண்டு. சாயங்காலம் கொய்யாக்காய் வாங்கினால் நாம் கேட்காமலேயே கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்துவிடுகிறார்கள். இதில் எது ‘தேவையான அளவு’?

குறைத்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று உடனே பழமொழி சொல்ல வருவார்கள். உப்பே வேண்டாம் என்று யார் சொன்னது? திடீரென்று பாதியாக்கினால் தட்டைத் தள்ளிவிட்டுத்தான் போவார்கள், அது உண்மை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். எங்கள் மெஸ்ஸில் அப்படித்தான் செய்தோம், அறிவிப்பு ஒன்றும் ஒட்டவில்லை. முதலில் கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தி, கரண்டியை வழித்துத் தட்டிப் போட்டோம். மேசையில் இருந்த உப்பு ஜாடியை உள்ளே எடுத்து வைத்தோம், கேட்பவர்களுக்கு மட்டும் கொடுப்பது என்று. கேட்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ரசத்துக்கு மிளகும் சீரகமும் அப்போதைக்கப்போது இடித்துப் போட்டு, இறக்கும்போது கொத்தமல்லியும் இரண்டு சொட்டு எலுமிச்சையும் விட்டால் உப்புக் குறைவது அவ்வளவாகத் தெரியாது. கீரைக்கு மட்டும் கடைசியில்தான் உப்புப் போட வேண்டும். பச்சையாகச் சட்டி நிறையக் கிடக்கும்போது பார்த்துப் போட்டால், வதங்கிச் சுருண்டு அடியில் உட்கார்ந்த பிறகு கரிக்கும், இது சமைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்துப்பு நல்லது, கல் உப்பு நல்லது, அதை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. நிறம் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காத உப்பாக இருந்தால் அந்த அயோடினும் கிடைக்காமல் போகும், பிறகு தைராய்டுக்கு வேறு அலைய வேண்டும். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் இந்த மாதிரி உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் பக்கவாதம் குறைந்தது என்று 2021இல் ஆய்வு முடிவு வந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பிரஷருக்குச் சில வகை மாத்திரை போடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. இதை நீங்கள் கட்டம் கட்டிப் போட்டால் நிறையப் பேருக்கு உதவும்.

உப்பு கூடினால் ஏறுவது பிரஷர். அதில் மோசமான விஷயம், பெரும்பாலும் அது இருப்பதே தெரியாது. தலை சுற்றினால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்குத் தலை சுற்றாமலே 160 இருக்கும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் மாத்திரையை விழுங்கிவிட்டு அந்தக் கையோடு ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் மாத்திரைதான் என்ன செய்யும், பாவம்?

வெயிலில் மூட்டை தூக்குபவர்கள், நாள் முழுக்க வயலில் நிற்பவர்கள் கணக்கு வேறு, வேர்வையில் அவர்களுக்கு நிறைய உப்புப் போகும். ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நாம் அவர்களைக் காட்டித் தப்பிக்க முடியாது.

மற்ற பழக்கங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காமல் பத்து நிமிடம் தெருவில் நடந்தாலே சர்க்கரை ஏறுவது குறையும், அதற்கு ஷூகூட வேண்டாம். தூங்கப் போகும் முன் பல் தேய்க்கலாம். ஆனால் பதினைந்தை ஒரே நாளில் நீட்டினால் ஒன்றைக்கூட யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். சமையல் குறிப்பு போடும்போது எத்தனை பேருக்கு என்று எழுதி, உப்பையும் டீஸ்பூன் கணக்கில் எழுதுங்கள். குறிப்பு அனுப்புகிறவர்களிடம் கேட்டு வாங்குங்கள், அளந்து பார்த்தால் அவர்களே கொஞ்சம் திடுக்கிடுவார்கள். பாக்கெட் உணவுகளைப் பற்றி எழுதினால், பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு அளவு வரும் என்பதையும் சொல்லுங்கள். நூறு கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் அதில் 2 கிராம் உப்பு இருக்கிறது. அடுத்த வாரம் வத்தக்குழம்பு வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். சுண்டைவத்தலிலேயே ஏற்கெனவே உப்பு இருக்கும் என்பதையும் மறக்காமல் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் ஒரு வாசகி,
திருச்சி.