சாமியோடு சண்டை போட இடம் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும், ஊர்க்காரர்களுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டவர்களுக்கும் வணக்கம்.

நான் தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், தீர்த்தமலைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூரில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் மரவள்ளியும் மஞ்சளும் போடுகிற விவசாயி. போன மார்கழியில் எங்கள் மகனுக்கு நடந்த விபத்து உங்களில் பலருக்குத் தெரியும். ஓசூரில் கம்பெனி வேலை முடிந்து பைக்கில் ஊருக்கு வந்துகொண்டிருந்தவனை மத்தூருக்குப் பக்கத்தில் ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. உயிர் பிழைத்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

இப்போது செயற்கைக் கால் போட்டு நடக்கிறான். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து கும்பிட வேண்டியவள் நான். அது முடியாது என்பதால்தான் இந்த மடல். என் மகனின் உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு மட்டும் நன்றி சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும். என் சாமி என் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த லாரி டிரைவர் அண்ணனுக்கு. நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. தக்காளி லோடு ஏற்றிப் போனீர்கள் என்று ஆம்புலன்ஸில் வந்த தம்பி சொன்னார். தக்காளி லோடு எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சந்தைக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் பாதி விலைக்குக் கேட்பார்கள். நீங்கள் வண்டியை ஓரம் கட்டி, தோளில் கிடந்த துண்டை மடித்து என் மகனின் தொடையில் இறுக்கிக் கட்டி, 108 வரும்வரை காயத்தைக் கையால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்களாம். "பேசிட்டே இரு தம்பி, தூங்காதே, உங்க ஊரு எது, உங்க அம்மா என்ன வேலை செய்யுது" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களாம். அவனுக்கு அந்தக் குரல் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ரத்தம் அங்கேயே நின்றதால்தான் பிள்ளை ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்தான் என்று டாக்டர் சொன்னார்.

போலீஸ், கேஸ், சாட்சி என்று பயந்துதான் பெயர் சொல்லாமல் போனீர்களோ என்னவோ. அப்படியானால், இதைப் படிக்கிற மற்ற டிரைவர் அண்ணன்மாரும் கேட்டுக்கொள்ளுங்கள். 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, விபத்தில் சிக்கியவருக்கு நல்ல எண்ணத்தோடு உதவி செய்கிறவர் மேல் வழக்கு வராது என்று எழுதிவிட்டார்கள். பெயரைச் சொல்லு, சாட்சிக்கு வா என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. தைரியமாக நிறுத்துங்கள்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் எங்களைப் பார்த்துக்கொண்ட டாக்டர்கள், செவிலியர்கள், ராத்திரி பகல் பார்க்காமல் வார்டைக் கழுவிவிட்ட அக்காமார்கள் எல்லோருக்கும் நன்றி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கையில் காசு இல்லை. விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவைப் பார்க்கிற 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், "முட்டியைக் காப்பாத்திட்டோம்மா, அது பெரிய விஷயம்" என்றார். காலை எடுத்துவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று அப்போது எனக்கு வயிறு எரிந்தது. முட்டி மடங்கினால்தான் செயற்கைக் காலில் படி ஏறவும், உட்கார்ந்து எழுந்திருக்கவும் சுலபமாக இருக்கும் என்பது இப்போது மகன் நடக்கிறதைப் பார்த்தபிறகு புரிகிறது.

ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், ஊரிலிருந்து ஊத்தங்கரை வழியாக பஸ் பிடித்து ராகிக் களியும் கீரைக் கடைசலும் கட்டிக்கொண்டு வந்த பங்காளி வீட்டு அக்காமார்களுக்கும், நான் இல்லாத மாதங்களில் மையத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் தங்கைக்கும் நன்றி. அந்தத் தங்கையைப் பற்றிக் கீழே இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும்.

இனி மற்றதுக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், சொந்தக்காரர்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷமா பிரதோஷம் தவறாம மலைக்குப் போனியே, உன் சாமி என்ன செஞ்சுது பாத்தியா?" என்றார். வேணுமென்று புண்படுத்தச் சொன்னதில்லை, பிள்ளை மேல் உள்ள பாசத்தில் வந்தது. இன்னொருவர், செய்வினையாக இருக்கும், பெரிய பரிகாரம் செய்ய வேண்டும், இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகையும் சொன்னார். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று எனக்குப் பட்டது. கொடுத்ததுக்குச் சரக்கு வரவில்லை, கடையை மாற்று என்கிறார் ஒருவர். இன்னும் கூடக் கொடு, சரக்கு வரும் என்கிறார் மற்றவர். சாமி கடைக்காரர் இல்லையே. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வார்டுக்கு வெளியே தரையில் படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். திருநீற்றுப் பொட்டலம் முந்தானையில் முடிந்து கிடந்தது. அதை அவிழ்க்கக் கை வரவில்லை.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெரியம்மா வந்தார். தீர்த்தமலை அடிவாரக் கோயிலில் தேவாரம் பாடுகிற கூட்டத்தில் மூத்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. காதால் கேட்டே பதிகங்களை மனப்பாடம் செய்தவர். வந்தவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, "சாமி மேல கோவமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "திட்டணும்னு இருக்கா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன்.

அவர் எனக்குச் சுந்தரர் கதையைச் சொன்னார். தெரிந்த கதைதான், ஆனால் அந்த ராத்திரி வேறு மாதிரி கேட்டது. திருவொற்றியூரை விட்டுப் புறப்படும்போது சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போய்விடுகிறது. தடவித் தடவி நடக்கிறார். திருவெண்பாக்கத்தில் சாமி கண்ணைக் கொடுக்கவில்லை, ஊன்றுகோல் ஒன்றைத்தான் கொடுக்கிறார். காஞ்சிபுரத்தில் இடது கண் வருகிறது. திருவாரூருக்குப் போய்ச் சேரும்போதும் மற்றொரு கண் வரவில்லை. அங்கே சந்நிதியில் நின்றுகொண்டுதான் அவர் கேட்கிறார். உமக்கு மீளாத அடிமையாக இருக்கிறவர்கள் மனசுக்குள்ளேயே வெந்து, முகம் வாடி வந்து தங்கள் துன்பத்தைச் சொன்னால் சும்மா இருக்கிறீரே, சரி, 'வாழ்ந்துபோதீரே' என்கிறார். நீங்களாவது நல்லா இருங்கள் என்று நாம் மனசு நொந்து சொல்வோமே, அதுதான். ஒரு தடவை இல்லை, பாட்டுக்குப் பாட்டு அதையேதான் சொல்கிறார்.

அந்தப் பாட்டில் "மற்றைக் கண்", அதாவது இன்னொரு கண், என்ற இடம் வந்ததும் நான் உடைந்து அழுதுவிட்டேன். உள்ளே என் பிள்ளை ஒரு காலோடு படுத்திருக்கிறான்.

ஆனாலும் விடாமல் கேட்டேன். "சுந்தரர் சங்கிலியாரைப் பிரியமாட்டேன்னு செஞ்ச சத்தியத்தை மீறினார், கண்ணு போச்சு. என் பிள்ளை என்ன பெரியம்மா செஞ்சான்?"

"எதனால போச்சுன்னு நான் சொல்ல வரல கண்ணு. அது எனக்கும் தெரியாது. அவரு எங்க நின்னு கேட்டாருன்னு பாரு. கோயிலுக்குள்ள நின்னு கேட்டாரு. நீயும் திட்டு, நல்லா திட்டு. வெளிய போயி நின்னுக்கிட்டு திட்டாத, உள்ள நின்னு திட்டு."

இவ்வளவுதான் சொன்னார். அப்புறம் என் மடியில் கொஞ்ச நேரம் கை வைத்திருந்துவிட்டு விடியற்காலை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பெரியம்மா, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. 'எல்லாம் நன்மைக்கே' என்று நீங்களும் சொல்லியிருந்தால், அன்றைக்கே நான் சாமியை விட்டு வெளியே போயிருப்பேன். என் பிள்ளையின் கால் போனதில் எந்த நன்மையும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிகிற மாதிரி நடிக்கவும் மாட்டேன். ஆனால் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்பினால்தானே திட்டவே முடியும். அவர் இல்லை என்று முடிவு கட்டிவிட்டால் இந்தத் துக்கத்தை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது? அந்த ராத்திரி முந்தானை முடிச்சை அவிழ்த்து நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சாமியிடம் கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் தூக்கம் வந்தது.

அடுத்த நன்றி எங்கள் வீட்டுக்காரரின் சிநேகிதர், கருப்புச் சட்டை அண்ணனுக்கு. அவருக்குச் சாமி, பூசை எதிலும் நம்பிக்கை இல்லை. பெரியார் கூட்டம் எங்கே நடந்தாலும் போகிறவர். முதல் நாள் ரத்தம் கொடுத்தவரும் அவர்தான். காப்பீட்டு அட்டைக்கு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு என்று அலுவலகம் அலுவலகமாக எங்களோடு அலைந்தவரும் அவர்தான். 'இப்பவாவது புரிஞ்சுதா?' என்று என்னிடம் கேட்க அவரைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் டீ வாங்கப் போகும்போது, வழியில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் நின்று, எனக்காகத் திருநீறு வாங்கி, செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொண்டுவந்து தருவார். தம் நெற்றியில் வைக்கமாட்டார். டீ டம்ளரோடு சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அண்ணா, நம்பிக்கை விஷயத்தில் உங்கள் வழி வேறு, என் வழி வேறு. ஆனால் என் நம்பிக்கைக்குக் கொஞ்சமும் அடிபடாமல் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தீர்களே, அதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

உதவியாளர் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் இல்லையா. நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் முழுக்க எங்கள் வீட்டு வாசலைத் தெளித்து, மார்கழிக் கோலம் போட்டு, சாயங்காலம் விளக்கு ஏற்றியிருக்கிறாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தபோது விளக்குத் திரி புதுசாக இருந்தது, எண்ணெய்க் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அப்பர் சுவாமிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அவருடைய அக்கா திலகவதியாரைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுகிறோம். அப்பா அம்மா போனார்கள், கட்டிக்கொள்ள இருந்தவர் போரில் செத்தார், இருந்த ஒரே தம்பியும் வேறு சமயம் என்று போய்விட்டார். அந்த அம்மா திருவதிகைக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். தம்பி சூலை நோயோடு திரும்பி வந்தபோது அக்காவும் இருந்தார், கோயிலும் சுத்தமாக இருந்தது. 63 நாயன்மார் வரிசையில் அவர் பெயர் இல்லை. எனக்கு அந்த வரிசையில் பலரைவிட அவர்தான் பெரியவர். தங்கச்சி, நீ எங்கள் வீட்டில் செய்தது அந்த அம்மா செய்த வேலை.

பிசியோதெரபி தம்பிக்கும் நன்றி. இல்லாத கால் வலிக்கிறது, பாதத்தில் அரிக்கிறது என்று மகன் ராத்திரியில் கத்தும்போது எங்களுக்குப் பயமாக இருந்தது. செய்வினை என்று சொன்னவர்களுக்கு அது இன்னும் வசதியாகப் போனது. இந்தத் தம்பிதான் வந்து, இது கால் போனவர்களில் பெரும்பாலோருக்கு வருகிறதுதான், மூளைக்குக் கால் போனது இன்னும் தெரியவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை மடக்கி நீட்டச் சொன்னார். கண்ணாடியில் இரண்டு காலும் அசைகிற மாதிரி தெரிந்தது. பிள்ளை முகம் அப்போது இருந்த இருப்பை எழுத எனக்கு வார்த்தை இல்லை. இந்த முறையை 1990களில் கண்டுபிடித்தவர் தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ்.ராமச்சந்திரன் என்ற மருத்துவர் என்றும் அவர்தான் சொன்னார். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. சாமியை நம்புகிறவள் கண்ணாடியை நம்பக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. சுந்தரருக்கும் முதலில் கிடைத்தது ஊன்றுகோல்தானே.

மகனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேலை பார்த்த கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி. அவன் இன்னும் கோயிலுக்கு வரவில்லை. ஆடிப்பெருக்குக்கு அனுமன்தீர்த்தம் ஆற்றுக்கு எங்களோடு வந்தான். கரையில் நின்றான், தண்ணீரில் இறங்கவில்லை, கும்பிடவும் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய கோபம் அவனுடையது. அவன் திட்ட வேண்டியதை அவன் பாணியில் திட்டட்டும். அவனுக்காகவும் நான் உள்ளே நின்றுகொண்டிருக்கிறேன்.

பிரதோஷத்துக்கு மறுபடியும் மலை ஏறுகிறேன். ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு, தீர்த்தகிரீசுவரரிடமும் வடிவாம்பிகை அம்மனிடமும் உங்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். கருப்புச் சட்டை அண்ணனுக்கும் சேர்த்துத்தான், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கடைசியாக லாரி டிரைவர் அண்ணனுக்கு மறுபடியும் ஒரு வார்த்தை. மாசித் தேருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு உண்டு, உதவி செய்த எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறோம். இது உங்கள் கண்ணில் பட்டால், தீர்த்தமலை பஸ் நிறுத்தத்தில் இறங்கி, கால் போன பையன் வீடு, அங்கன்வாடி டீச்சர் வீடு என்று யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். பெயர் சொல்ல விருப்பம் இல்லையென்றால் சொல்ல வேண்டாம். வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள்.

நன்றியுடன்,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்
அரூர் வட்டம், தர்மபுரி மாவட்டம்