காத்தாடி விடும் வடசென்னைத் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே,

போன மாதம் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு பருந்து தலைகீழாகத் தொங்கியது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இறக்கையின் முன்விளிம்பாக விரியும் மெல்லிய தோலைக் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் அறுத்திருந்தது. தலையில் துண்டைப் போர்த்தியதும் அடங்கிப்போனது. நூலை ஒவ்வொரு இழையாகக் கத்தரித்தேன். உயிர் பிழைத்தது. இன்றுவரை பறக்கவில்லை.

காற்றின் போக்கு தெரிந்தவர்கள் நீங்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். வெயில் ஏறி மாடிகள் சூடானதும் வெப்பக் காற்று தூண்போல மேலெழும். பருந்து அதற்குள் புகுந்து, பிளவுபட்ட வாலைச் சுக்கான்போலத் திருப்பியபடி, இறக்கையை அடிக்காமலே வட்டமிட்டு ஏறும். பள்ளிக்கரணைக் கூழைக்கடாவும் அப்படித்தான் ஏறும். ஆனால் நாலைந்து கிலோ உடம்பைத் தூக்க அதற்கு வலுவான காற்று வேண்டும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வாழும் காண்டோர் பறவை இன்னும் கனமானது, 15 கிலோவரை வரும். 2020இல் வெளியான ஆய்வில், ஒரு காண்டோர் ஒருமுறைகூட இறக்கையடிக்காமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல், சுமார் 172 கிலோமீட்டர் மிதந்து போனது பதிவாகியிருக்கிறது. தென்கடல் அல்பட்ராஸ் பறவைக்கு வெப்பக் காற்றே தேவையில்லை. அலையோரம் காற்று மெல்ல வீசும், மேலே வேகமாக வீசும். அந்த வித்தியாசத்தில் ஏறி இறங்கியே கடல் கடக்கும்.

இறக்கையடிக்காமல் போகும் தூரத்தில் பருந்து அவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் அல்பட்ராஸின் நீண்டு ஒடுங்கிய இறக்கையை வைத்துக்கொண்டு நம் தெருவுக்கு மேல் சின்ன வட்டம் போட முடியுமா? பருந்துக்கு முடியும். ஒரு கிலோகூடத் தேறாத உடம்பு, அகன்ற இறக்கை. ஒரு தகரக் கொட்டகையின் சூடே அதற்குப் போதும். என் கண்ணுக்கு அதுதான் பெரிய வித்தை.

அந்த வித்தைதான் அதற்கு எமனாகிறது. இறக்கையை விறைப்பாக விரித்து, பார்வையைத் தரையில் வைத்து மிதக்கும்போது குறுக்கே வரும் நூல் தெரியாது. முன்விளிம்பில் பட்டதும் பதறி இறக்கையடிக்கும். அடிக்க அடிக்க நூல் உள்ளே இறங்கும்.

நைலான் போன்ற செயற்கை மாஞ்சா நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே தடைசெய்துவிட்டது. போலீசுக்குப் பயந்து மாஞ்சாவைக் கைவிடச் சொல்லவில்லை. டீல் போட்டு அடுத்தவர் நூலை அறுக்காமல், வெறும் பருத்தி நூலில் காத்தாடியை உயரே ஏற்றிக் காட்டுங்கள். இந்த ஞாயிறு மாடி ஏறியதும், முதல் வேலையாகக் கைக்கெட்டும் கிளைகளிலும் குழாய்களிலும் சிக்கிக் கிடக்கும் பழைய நூலைச் சுருட்டி எடுங்கள். மின்கம்பியில் உள்ளதை மட்டும் தொடவேண்டாம்.

அன்புடன்,
பக்கத்துத் தெரு அக்கா