பின் பிரேக் சத்தம் பற்றி சங்ககிரி மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. லோடு வாடகைதான் படுத்துக்கிடக்கிறது.

லாரியின் பின் பிரேக் சத்தம் போடுகிறது, ரெண்டு பக்கமும் சக்கரத்தோடு சுற்றும் டிரம், அதில் உரசி நிறுத்தும் லைனர் எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் கவனி. மழையில் நின்ற வண்டி காலையில் கீச்சென்று கத்திவிட்டு, நாலு பிரேக் பிடித்ததும் அடங்கினால் அது டிரம்மில் படிந்த துரு, விட்டுத்தள்ளு. மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று இரும்பும் இரும்பும் உரசினால் லைனர் தேய்ந்து அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி டிரம்மைக் கீறுகிறது. அப்படியிருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதே.

கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு டிரம் பக்கம் கையைக் கொண்டுபோ, தொட்டுவிடாதே. ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது. சூடே இல்லாத பக்கம் வேலையே செய்யவில்லை. அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, லைனரை டிரம்மில் அழுத்துகிற கேம் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப்பார். ஆடினால் அதைத் தாங்குகிற புஷ் தேய்ந்துபோச்சு. அதை விட்டுவிட்டுப் புது லைனர் போட்டால் அதுவும் கோணலாகத்தான் தேயும்.

என் வண்டியில் வேறு கதை. இடது உள்டயரின் பக்கவாட்டில் ஈரமாக ஒரு கோடு, அதில் புழுதி அப்பியிருந்தது. டிரம்மைக் கழற்றினால் லைனர் கறுப்பாகப் பளபளக்கிறது, விரலில் கிரவுன் ஆயில், அதாவது பின் அச்சு கியர் எண்ணெய், வாடை. அந்த எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற ஹப் ஆயில் சீல் கசிந்திருக்கிறது. பெட்ரோலில் கழுவி மாட்டிவிடலாம் என்றான் பட்டறைப் பையன். நான் விடவில்லை. ஊறிய எண்ணெய் சூடேறினால் திரும்பக் கக்கும். சீலும் மாற்றி, லைனரை ரெண்டு பக்கமும் புதிதாகவே போட்டேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

டிரம்மில் கோடு லேசாக இருந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். கடைந்தபின் விட்டம் கம்பெனி அளவைத் தாண்டினாலோ, விளிம்பு வரை வெடிப்பு ஓடியிருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். தூசியை ஏர் அடித்து ஊதவிடாதே, ஈரத்துணியால் துடைக்கச் சொல். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது.

இதெல்லாம் பார்க்காமல் தருமபுரியிலிருந்து லோடோடு தொப்பூர் மலை இறக்கத்தில் வந்துவிடாதே. அந்தக் கரகர சத்தம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எம்ப்டியாக நாமக்கல்லுக்கு மெதுவாக ஓட்டி வா, ஜாக்கி என்னிடம் இருக்கிறது, கழற்றிப் பார்த்துவிடுவோம். மகளை எந்தக் காலேஜில் சேர்க்கிறாய் என்று எழுது.

உன் மச்சான்