‘பழுதுபார்க்க வசதி இல்லை’ன்னு எழுதினவருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல குமரி மாவட்டத்துக் குளங்கள், காடு வழியா சைக்கிள்ல சுத்துறத பத்தி ஆறு பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீங்க. படமெல்லாம் கொள்ளாம். கடையில கூட்டம் இல்லாத நேரம் பாத்து டீ சொல்லிட்டு ஆசையாதான் பிரிச்சேன். மூணாவது பக்கத்துல ஒரு வரி. "நாகர்கோவிலைத் தாண்டிவிட்டால் கீரிப்பாறை வரை சைக்கிள் பழுதுபார்க்க எந்த வசதியும் கிடையாது, எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்." டீ ஆறிப்போச்சு ஐயா. அதே ரோட்டுல பூதப்பாண்டி பக்கம் 1984-ல இருந்து சைக்கிள் கடை வச்சிருக்கிறவன் நான். அப்ப இத்தனை வருஷம் நான் அங்க உக்காந்து என்ன செஞ்சேன், நெல்லா அவிச்சேன்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியுமே தவிர கட்டுரை எழுதத் தெரியாது, உங்களுக்குத் தெரியாதத நான் ஒண்ணும் சொல்லிரப் போறதில்ல. ஆனா "யாரும் அறியாத பாதை"ன்னு தலைப்புலயே போட்டிருக்கீங்களே, யாரும்னா யாரு? காலையில நாலு மணிக்கு ரப்பர் பால் வெட்டுக்குப் போறவங்க தலையில லைட்டக் கட்டிக்கிட்டு, ஹேண்டில்பார்ல தூக்குவாளியத் தொங்கவிட்டுக்கிட்டு அந்த ஏத்தத்துல மிதிச்சுப் போவாங்க, நான் பாத்து வளந்தவன். கடப்புறத்துல இருந்து கேரியர்ல மீன் கூடையக் கட்டி, ஐஸ் வெள்ளம் ரோடு பூரா சொட்டச் சொட்ட தடிக்காரன்கோணம் வரைக்கும் விடியுறதுக்கு முன்ன ஏறினவங்க உண்டு, இப்ப அவங்க பாதிப்பேர் மொபெட்டுக்கு மாறிட்டாங்க, அது வேற விஷயம். அவங்க யாரும் கையுறை போடல, கைக்கடிகாரத்துல எத்தன கலோரி எரிஞ்சுதுன்னு பாக்கல, அதனால அவங்க ‘யாரும்’ங்கிற கணக்குல வரமாட்டாங்க போல.

பதினொண்ணாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் குடுக்குதே, அது கைக்கு வந்த மறுநாள் நேரா எங்கள மாதிரி கடைக்குத்தான் வரும், நட்டு எல்லாம் முறுக்கி, பிரேக்க சரிபண்ணி, சீட்ட இறக்கிக் குடுத்தாத்தான் பிள்ளைங்க ஓட்டும். ஒரு சீசன்ல எத்தன சைக்கிள் பாத்திருப்பேன்னு கணக்கு வச்சுக்கல. வசதி இல்லையாம்.

சரி அத விடுங்க. அடுத்த பக்கத்துக்கு வந்தா வேம்பனூர் குளத்துப் படத்தப் போட்டு கீழ "வேம்பநாட்டு ஏரி"ன்னு போட்டிருக்கீங்க! ஐயா, வேம்பநாட்டுக் காயல் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் கெடக்கு, அது கேரளா. அத 2002-லயே ராம்சார் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேத்தாச்சு, எங்க வேம்பனூரும் சுசீந்திரம் தேரூர் குளமும் அந்தப் பட்டியல்ல ஏற 2022 வரைக்கும் காத்துக் கெடந்துச்சு, இருபது வருஷம் கழிச்சு கெடச்ச பேரையும் ஒரே வரியில தூக்கி அடுத்த ஸ்டேட்டுக்குக் குடுத்துட்டீங்க. இந்த மாவட்டம் தமிழ்நாட்டோட சேரணும்னு 1954-ல புதுக்கடையிலயும் தொடுவெட்டியிலயும் துப்பாக்கிச் சூட்டுல செத்தவங்க உண்டு, 1956 நவம்பர் 1-ந் தேதிதான் சேந்துச்சு, எங்க அப்பா சாகுற வரைக்கும் அந்தத் தேதிய மறக்காம சொல்லுவாரு. சினிமாவுலதான் எங்கள மலையாளம் பேச வைக்கிறான், பத்திரிகையுமா? அதுலயும் இது குளம். நாங்க குளம்னுதான் சொல்லுவோம், பக்கத்துக்குப் பக்கம் ஏரி, ஏரின்னு எழுதினா கவிமணி பொறந்த தேரூர்க்காரங்களுக்கே அது எந்த ஊருன்னு விளங்காது. பேச்சிப்பாறை அணையையும் ஏரின்னுட்டீங்க. அது மூலம் திருநாள் மகாராஜா காலத்துல 1906-ல கட்டி முடிச்ச அணை, கட்டின இஞ்சினியர் மிஞ்சின் துரைய அங்கேயேதான் அடக்கம் பண்ணியிருக்கு. கட்டுரைக்காரர் அந்தக் கல்லறைய ஒட்டித்தானே போயிருப்பாரு?

இதெல்லாம் பேர் தப்பு, படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆயிராது. ஆனா "பயணத்துக்கு ஏற்ற மாதங்கள் ஜூன், ஜூலை"ன்னு போட்டது யாரு? ஜூன்ல சென்னைக்குத்தான் வெயில், எங்களுக்கு எடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை. கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அணையத் தொறந்து விடுற நேரம், மலைப்பாதை பூரா வழுக்கும், ரப்பர் தோட்டத்துக்குள்ள கால வச்சா அட்டை சாக்ஸுக்குள்ள போயிரும். போதாக்குறைக்கு ஒருநாள் ஆரல்வாய்மொழி வரைக்கும் போய்ட்டு வாங்கன்னு வேற எழுதியிருக்காரு. போலாம், போகும்போது காத்து முதுகுல கைய வச்சு தள்ளிக்கிட்டே போகும், ஆகா நமக்கு இவ்வளவு தெம்பான்னு தோணும். திரும்பும்போதுதான் தெரியும். கணவாய் வழியா மேக்க இருந்து அடிக்கிற காத்துக்குத்தான் முப்பந்தல்ல கரண்ட் எடுக்க அத்தன காத்தாடி நட்டு வச்சிருக்கான், அதுக்கு எதிரா தோவாளை வரைக்கும் மிதிச்சுப் பாருங்க, இறக்கத்துலயும் பெடல் போட்டாத்தான் வண்டி நகரும். போன ஆடியில ஒரு பையன் அப்படி மிதிச்சு மூச்சு வாங்க கடைக்கு வந்து "அண்ணாச்சி பிரேக் பிடிச்சிருக்கு போல, பாருங்க"ன்னான். வீலச் சுத்திப் பாத்தேன், பிரேக்கு தொடக்கூட இல்ல. மக்கா அது காத்துலேன்னு சொல்லி ஒரு நாரங்கா வெள்ளம், அதான் எலுமிச்சை ஜூஸ், வாங்கிக் குடுத்து அனுப்பினேன். தேரூர்ல பறவை பாக்கணும்னா கார்த்திகை, மார்கழின்னு வரணும், இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியும்.

காளிகேசத்துக்கு மேல காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம சைக்கிள உருட்டிக்கிட்டுகூட போக முடியாது, அதப் பத்தி ஒரு வார்த்த இல்ல. ஆனையப் பத்தியும் இல்ல. குளத்துக்குள்ளயே மண்ணக் கொட்டி நாலுவழிச் சாலை போட்டதப் பத்தியும் இல்ல, அது உங்க ஆளு கண்ணுல படல போல, ஏன்னா அன்னிக்கு சூரிய அஸ்தமனம் ரொம்ப அழகா இருந்திருக்கு, ஒரு பத்தி முழுக்க அதுதான்.

ஒக்கி புயல் ஓர்மை இருக்கா ஐயா? 2017 நவம்பர் 30. ரப்பர் மரம் எல்லாம் தீக்குச்சி மாதிரி முறிஞ்சு ரோட்டுக்குக் குறுக்க கெடந்துச்சு, கரண்ட் இல்ல, போன் இல்ல, பைக்குல போனவன் முதல் மரத்தோட திரும்பிட்டான். சைக்கிளத்தான் தோளுல தூக்கி மரத்தத் தாண்டி வச்சு மறுபடி ஓட்ட முடிஞ்சுது. அந்த வாரம் பரண்ல கெடந்த துருப்பிடிச்ச சைக்கிள எல்லாம் எறக்கி எங்கிட்ட கொண்டு வந்தாங்க, மெழுகுவத்தி வெளிச்சத்துல பஞ்சர் ஒட்டினேன். அப்ப எந்த பத்திரிகையும் இந்தப் பாதையத் தேடி வரல. ரெண்டு வருஷம் முன்ன இந்த ரோட்டுல குழிய மூடச் சொல்லி உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன், அதுவும் வரல. இடம் இருந்திருக்காது.

இப்ப சொல்லப் போறதுதான் விஷயம். அஞ்சாவது பக்கத்துல "வழியில் ஒரு இளைப்பாறல்"னு ஒரு படம் போட்டிருக்கீங்க. செவத்துல ஒரு பச்சை சைக்கிள் சாஞ்சு நிக்குது, பக்கத்துல பாதியா அறுத்த நீல டிரம்முல வெள்ளம். செவத்துல "வாடகை சை" வரைக்கும் எழுத்து தெரியுது, மிச்சத்த நீங்க வெட்டிட்டீங்க. ஐயா அது என் கடை. அந்த டிரம்முலதான் நான் டியூப முக்கி பஞ்சர் பாக்குறது.

போன ஐப்பசியில நல்ல மழையில வந்தாரு, உங்க கட்டுரைய எழுதின அந்தத் தம்பி. பின் வீல்ல செயின் பக்கம் மூணு ஸ்போக் போயிருந்துச்சு, வீல் பாம்பு மாதிரி ஆடுது. அந்தப் பக்கம் ஸ்போக் மாத்தணும்னா பல்சக்கரத்த மொத்தமா கழட்டணும், அந்த மாடலக் கழட்டுற டூல் எங்கிட்ட இல்ல, பொய் சொல்ல மாட்டேன். நம்ம 28 இஞ்சு சைக்கிள் ஸ்போக் அதவிட நீளம். தலைய வெட்டிட்டு நுனிய பிளையரால இப்படி ஒரு மடக்கு, அப்படி ஒரு மடக்கு, ஹப் ஓட்டையில கொக்கி மாதிரி கோத்து, மறுபக்கம் நிப்பிளப் போட்டு இறுக்கி, மூணையும் அப்படியே மாட்டினேன். அப்புறம் கவுத்துப் போட்டு, சட்டத்துல பெருவிரல ஊணி நகம் எங்க உரசுதுன்னு பாத்துப் பாத்து அரை மணி நேரம் கோட்டம் எடுத்தேன். 120 ரூபா சொன்னேன், 500 நீட்டுனாரு, மீதியக் குடுத்தேன். மழை விடுற வரைக்கும் பெஞ்சுல உக்காந்து ரசவடை தின்னாரு. போகும்போது படம் எடுத்தாரு. அந்தப் படந்தான் இது. அந்த வீல்ல மிதிச்சுத்தான் கீரிப்பாறைக்குப் போய் வசதி எதுவும் இல்லன்னு எழுதியிருக்காரு.

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. என் பேரப் போட வேண்டாம், படமும் வேண்டாம். அடுத்த இதழ்ல ஒரு மூலையில, பூதப்பாண்டி பக்கம் சைக்கிள் கடை உண்டுன்னு ஒரு வரி, ஜூன் ஜூலைய எடுத்துட்டு மார்கழின்னு ஒரு வரி. வேம்பனூர நீங்களே திருத்திருவீங்க.

அப்புறம் அந்தத் தம்பி நம்பர் எங்கிட்ட இல்ல, நீங்கதான் சொல்லணும். மடக்கிப் போட்ட ஸ்போக்கு ஊர் போய்ச் சேருறதுக்குத்தான், மாத்திரணும்னு அன்னிக்கே சொன்னேன். படத்த லென்ஸ வச்சுப் பாத்தேன், மூணும் தெரியுது. இன்னும் மாத்தலன்னா சீக்கிரம் மாத்தச் சொல்லுங்க, இறக்கத்துல போச்சுன்னா ஆள் விழுந்துருவாரு.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரன்,
பூதப்பாண்டி பக்கம், குமரி மாவட்டம்